என் மகளை அளந்தவர்கள்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, பள்ளித் திடலில் ஒரு மனிதர் அவளுடைய இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி அளவு நாடாவால் அளந்தார். நாடாவின் ஒரு முனை அவர் கையில் இருந்தது. இன்னொரு முனையை அவளுடைய நடுவிரல் நுனியில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் கொட்டப்போகும் கோபத்தில் ஒரு பங்கு அந்த முனையைப் பிடித்த கைக்கும் சேர வேண்டியது.

மாவட்ட வலைப்பந்துப் போட்டி முடிந்த மதியம் அது. எங்கள் தமிழ்ப்பள்ளி அரையிறுதியில் தோற்றிருந்தது. என் மகள்தான் கோல் போடுகிறவள். தன் வயதுப் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். பந்து அவள் கைக்கு வந்துவிட்டால் மற்றப் பிள்ளைகள் குதித்துப் பார்ப்பார்கள், எட்டாது. தோற்ற வருத்தத்தில் அவள் புல்லில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார். சட்டையில் ஈப்போவில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் முத்திரை. கல்லூரியின் வலைப்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளர் என்று சொன்னார். எல்லாரும் அவரைக் ‘கோச்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நம்ம ஆள், தமிழர். என்னை ‘அக்கா’ என்றார். உடனே மனம் இளகிவிட்டது.

நான் சின்னவளாக இருந்தபோது, சொல்பேச்சுக் கேட்காவிட்டால் பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று பயமுறுத்துவார்கள். அவன் சாக்குப் பையோடு வருவான் என்று நினைத்திருந்தேன். கல்லூரிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பெரிய மைலோ டின்னோடு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே வருவான் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அப்படித்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். கோப்பெங் போகிற சாலையில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. என் கணவர் சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடத்தில் லோரி ஓட்டுகிறார். நான் ஈப்போவில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் பெயர் பதிகிற வேலை பார்க்கிறேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். கோச்சுக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவர் கல்லூரி என்ற சொல்லை எங்கள் வீட்டில் வைத்துச் சொன்னபோது குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார், சாமி பேரைச் சொல்வதுபோல.

அவரோடு ஒரு இளம்பெண்ணும் வந்திருந்தாள். மடியில் ஒரு ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தாள். கோச் விளக்கினார். முதல் படிவத்திலிருந்தே பிள்ளையை எடுத்துக்கொள்வார்களாம். ஈப்போவில் ஒரு இடைநிலைப்பள்ளியில் சேர்த்து, ஆஸ்ரமா விடுதியில் தங்கவைத்து, கல்லூரியின் இளையோர் குழுவில் பயிற்சி கொடுப்பார்களாம். ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் கல்லூரியில் இடம், முழு உபகாரச் சம்பளம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, பதினெட்டு வயதில் சேரப்போகும் கல்லூரியை இப்போதே ஏன் முடிவு செய்ய வேண்டும் என்று என் கணவர் கேட்டார். எங்கள் வீட்டில் அன்று கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

“பதினஞ்சுக்கு மேல எடுத்தா லேட்டு அண்ணே. மத்த காலேஜுங்க பத்து வயசுலயே பேசி முடிச்சிடுறாங்க.”

பேசி முடிப்பது. கல்யாணத்துக்குச் சொல்கிற வார்த்தை. அப்போது அது என் காதில் உறைக்கவில்லை.

பிறகு அந்தப் பெண் என் உயரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். கணவரின் உயரத்தையும் கேட்டாள். மகளின் காலணி அளவைக் கேட்டாள். கடைசியில் கோச் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, பழைய மோட்டார் சைக்கிள் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று விசாரிப்பவர்போல, சாதாரணமாகக் கேட்டார்.

“பிள்ளை வயசுக்கு வந்திருச்சாக்கா?”

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நிறுத்தியிருந்த மோட்டாரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வியைக் கேட்டவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டிய மனிதர், தானே வெளியே போனார். அதற்காக நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை, அவருக்கும் அது தெரியும்.

என் மகள் முறுக்குத் தட்டோடு சமையலறைக் கதவருகே நின்றிருந்தாள். அந்த இளம்பெண்ணின் பேனா தாளுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது. அது காத்திருந்த விதத்திலேயே இந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்று இருக்கிறது என்று புரிந்துவிட்டது. வயசுக்கு வந்த பிள்ளை அதற்குப் பிறகு அதிகம் வளராது. கிளினிக்கில் டாக்டர் தாய்மார்களிடம் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது இன்னும் வளரப்போகிற பிள்ளை.

என் மகள் வயசுக்கு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. கோலா கங்சாரிலிருந்து என் நாத்தனார் குடும்பமெல்லாம் வந்து தண்ணீர் ஊற்றினார்கள். புகைப்படம்கூட அலமாரியில் இருந்தது.

“இன்னும் இல்ல கோச்,” என்றேன்.

“அப்ப இன்னும் ஓசரம் போகும் லா,” என்று சிரித்தார். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். என் மகள் தட்டை மேசையில் வைத்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

நான் வேலை செய்கிற இடத்தில், ஒரு நோயாளியின் வயதைக்கூடச் சத்தமாகப் படிக்க மாட்டேன். அட்டையைத் திருப்பிக் காட்டி, சரியா என்று கேட்பேன். முன்மேசையில் உட்கார்ந்த முதல் வாரத்தில் டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. யாரென்றே தெரியாதவர்களுக்குக் கொடுத்த அந்த மரியாதையை என் வீட்டுக் கூடத்தில் என் பிள்ளைக்கு நான் கொடுக்கவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், கல்லூரி முத்திரையோடு, தடித்த தாளில். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். தினமும் வாசிக்கிறேன். ‘முன்னுரிமை அளித்துப் பரிசீலிக்கப்படும்’ என்று அதில் இருந்தது. நான் முன்னுரிமை என்பதை வாசித்தேன். பரிசீலிக்கப்படும் என்பதை வாசிக்கவில்லை. அதே தாளில் இன்னொன்றும் இருந்தது. அவள் வேறு எந்தக் குழுவுக்கும் ஆடக்கூடாது, பயிற்சிக்கு இடைஞ்சலான எதிலும் சேரக்கூடாது. அதற்கெல்லாம் ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொல் இல்லை. கூடாது என்றால் கூடாது. நானும் கணவரும் கையெழுத்துப் போட்டோம். என் மகளும் போட்டாள். அவளுக்குக் கையெழுத்தே கிடையாது. பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தாள்.

கோவில் மண்டபத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சின்னப் பிள்ளைக்கு அந்தப் பொன்னாடை கணுக்கால் வரை தொங்கியது. கல்லூரி தன் முகநூல் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டது. நான் அதைக் கிளினிக்கில் எல்லாருக்கும் காட்டினேன். அவள் படிக்கப்போகும் பாடம் என்ன என்று டாக்டர் கேட்டார். அதைக் கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கல்லூரிக்கும் அந்தக் கேள்வி தோன்றியதாகத் தெரியவில்லை.

ஆஸ்ரமா வாழ்க்கை தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாள். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, பிறகு பள்ளி, மாலையில் மறுபடியும் பயிற்சி. தமிழ்ப் பாடம் பள்ளி முடிந்த பிறகு வாரத்தில் இரண்டு மாலை நடக்கும். அது பயிற்சிக்கு இடைஞ்சல். ஆகவே தமிழ் போயிற்று. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, ஒரு கையெழுத்தில் தமிழை விட்டாள். பரவாயில்லை, வீட்டில் பேசுகிறோமே என்று நானே சொன்னேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை பிள்ளைகளைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் பார்ப்பார்களாம். சாப்பாட்டு அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டவணை தொங்குமாம். வளர்ந்தவர்கள் பெயருக்கு நேரே பச்சை, வளராதவர்களுக்குச் சிவப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். அவள் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

இன்னொரு அட்டவணையும் இருந்தது. அதைப் பற்றி அவள் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை வீட்டுக்கு வந்தவளின் பையை எடுத்து வைத்தபோது, ஒரு பிஸ்கட் டின் கனமில்லாமல் ஆடியது. திறந்தேன். உள்ளே சானிட்டரி நாப்கின்களை நாளிதழில் சுற்றிச் சுற்றி அடுக்கியிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். விடுதியைக் கவனிக்கும் பெண்மணி ஒவ்வொரு பிள்ளையின் தேதியையும் குறித்து வைத்துக் கோச்சிடம் கொடுப்பாராம். என் மகளின் பெயருக்கு நேரே ‘இன்னும் இல்லை’ என்று இருந்தது. நான் சொன்னது அது. எட்டு மாதமாக என் மகள் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வயிற்று வலியோடு ஓடியிருக்கிறாள். குப்பைத் தொட்டியில் போட முடியாமல், பையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் அங்கே போட்டிருக்கிறாள். பதின்மூன்று வயது.

அன்றைக்கே அவளைக் கூட்டி வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கடைக்குப் போய் இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கி வந்து, நாளிதழில் சுற்றி, அதே டின்னில் அடுக்கிக் கொடுத்தேன். பத்திரமாக இரு என்றேன். ஐந்து வருடம் பொறுத்துக்கொண்டால் கல்லூரி என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் கழித்து, இப்போதுதான் வந்தது என்று விடுதியில் சொல்லச் சொன்னேன். அதையும் நான்தான் தேதி பார்த்துச் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் வளரவில்லை. வளர மாட்டாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் நூற்று அறுபத்து நான்கு செண்டிமீட்டர். பதினைந்து வயதில் நூற்று அறுபத்தாறு. ஒரு தலை உயரமாக இருந்த பிள்ளையை மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். கோல் போடும் இடத்திலிருந்து நடுத்திடலுக்கு மாற்றினார்கள். பிறகு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பந்தை அவள்போலக் குறிபார்த்துப் போடுகிறவர்கள் அந்தக் குழுவில் யாரும் இல்லை என்று மற்றத் தாய்மார்களே சொல்வார்கள். குறிபார்க்கும் திறமைக்கு அந்த அட்டவணையில் நிறம் கிடையாது.

மூன்றாம் படிவத்தின் கடைசி மாதம், ஒரு மதியம், கிளினிக்கில் இருந்தபோது என் கைப்பேசி அதிர்ந்தது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் நீக்கப்பட்டிருந்தேன். அவ்வளவுதான். தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. என் மகள் அவர்களுடைய குழுவிலிருந்து நீக்கப்பட்டதும் அதே நிமிடத்தில்தான். மூன்று வருடம் அளந்து அளந்து வைத்திருந்த பிள்ளையை அனுப்ப ஒரு விரல் போதுமாக இருந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்தத் தடித்த தாள் கடிதத்தோடு கல்லூரிக்குப் போனேன். கோச் தன் அறையில் இருந்தார். எழுந்து நின்று, உட்காருங்கக்கா என்றார். மேசை மேல் ஒரு பிள்ளையின் படமும் அளவுகளும் இருந்தன. தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துப் பிள்ளையாம், பதினொரு வயது. நான் கடிதத்தை வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

“பரிசீலிச்சுட்டோம் அக்கா. பிள்ளை வளரலயே. நான் என்ன செய்ய?”

மூன்று வருடம் உங்களை நம்பி இருந்தாளே என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். குரல் மாறவில்லை, அதே அக்கா, அதே மரியாதை.

“நீங்களும் உண்மைய சொல்லல தானே. வயசுக்கு வரலன்னு சொன்னீங்க. எனக்கு அப்பவே சந்தேகம்.”

சந்தேகம் இருந்தது. இருந்தும் எடுத்தார்கள். வளர்ந்தால் லாபம், வளராவிட்டால் அனுப்பிவிடலாம். அவர்களுக்கு இதில் போவது ஒன்றுமில்லை. என் பொய்யை மூன்று வருடம் கையில் வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் எடுத்து என் முன்னால் போட்டார்.

“ஆமா, பொய் சொன்னேன்,” என்றேன். “ஆனா அந்தக் கேள்விய எங்க டாக்டர்கூட கதவச் சாத்திட்டுதான் கேப்பாரு. நீங்க டீ குடிச்சுக்கிட்டே கேட்டீங்க.”

எல்லா இடத்திலும் கேட்கிறார்கள், நான் ஒருத்தன் மட்டுமா என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். இன்னும் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வீட்டில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அங்கிருந்து ஆஸ்ரமாவுக்குப் போனபோது என் மகள் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். காரில் ஏறினாள். நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். சிம்பாங் பூலாய் சிக்னல் விளக்கில் நின்றபோது முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்க அன்னிக்கு உண்மைய சொல்லியிருந்தா, அவங்க அன்னிக்கே வேணாம்னுட்டுப் போயிருப்பாங்கம்மா.”

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த லோரி ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்தேன். அவள் அழவில்லை. நான் அழுதேன், அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அழ வேண்டியவள் அவள்.

அவளைக் கோப்பெங்கில் சாதாரணப் பள்ளியில் சேர்த்தோம். நான் புகார் எழுதினேன். கல்லூரிக்கு ஒன்று, கல்வி இலாகாவுக்கு ஒன்று. இலாகாவிலிருந்து, புகார் கிடைத்தது, கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று மலாயில் இரண்டு வரி வந்தது. கல்லூரியிலிருந்து அதுவும் வரவில்லை.

அடுத்த வருடம் எங்கள் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு அந்தக் கோச்சைப் பேச அழைத்திருந்தார்கள். நாலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுவரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் வரலாமாம். என் பிள்ளை இப்போது அந்தப் பள்ளியில் இல்லை. இருந்தாலும் போவதென்று முடிவு செய்தேன். போவதற்கு முன் மகளிடம் கேட்டேன், உன் கதையைச் சொல்லலாமா என்று. அவள் யோசித்தாள்.

“சொல்லுங்க. ஆனா பாதி சொல்லாதீங்க. உங்க பாதியையும் சொல்லுங்க.”

சொன்னேன். கோச் பேசி முடித்துக் கைதட்டல் அடங்கியதும் எழுந்து நின்றேன். அளவு நாடாவை நான் பிடித்ததையும், கூடத்தில் கேட்ட கேள்வியையும், என் பொய்யையும், பிஸ்கட் டின்னையும் ஆண்கள் உட்கார்ந்திருந்த சபையில் சொன்னேன். சங்கத் தலைவர் நேரமாகிறது என்று இரண்டு முறை சொன்னார். நான் உட்காரவில்லை. கோச் தலை குனியவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அக்காவுக்கு மனவருத்தம், எனக்குப் புரிகிறது என்றார்.

கூட்டம் முடிந்ததும் மூன்று தாய்மார்கள் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கோச்சைச் சுற்றி நின்றார்கள். ஒரு அப்பா தன் மகளை இழுத்து முன்னால் நிறுத்தி, எத்தனை செண்டிமீட்டர் இருந்தால் எடுப்பீர்கள் என்று கேட்டது என் காதில் விழுந்தது. வெளியே வந்தபோது தலைவர் என்னிடம், உங்க பிள்ளைக்குக் கிடைக்கலங்கறதுக்காக மத்தப் பிள்ளைங்க வழிய அடைக்காதீங்க என்றார். அவர்மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்ததோ, அவ்வளவு கோபம் அந்த அப்பாமேல் வரவில்லை. அந்த அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். நாலு வருடத்துக்கு முன் அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன்.

ஒன்று மட்டும் நடந்தது. தலைமையாசிரியை மறு வாரமே, பள்ளி வளாகத்துக்குள் வெளியாள் யாரும் பிள்ளைகளை அளக்கக்கூடாது என்று அறிவித்தார். இப்போது அவர்கள் வேலிக்கு வெளியே அளக்கிறார்களாம்.

என் மகளுக்கு இப்போது பதினேழு வயது. நாலாம் படிவத்தில் தமிழை மறுபடி எடுத்தாள். விட்டுப்போன மூன்று வருடத்தைத் தாமானில் ஒரு ஆசிரியையிடம் உட்கார்ந்து படித்து, இந்த வருடம் எஸ்.பி.எம். தேர்வில் அதையும் எழுதப் போகிறாள். வலைப்பந்து ஆடுவதில்லை. பள்ளி ஆசிரியை இரண்டு முறை வந்து கேட்டார். முடியாது என்றாள். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போன மாதம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிக்குலேஷன் படிப்புக்கான விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாட நடவடிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு, அதற்குப் புள்ளிகள் உண்டு. மூன்று வருடம் ஒரு கல்லூரியின் குழுவில் ஆடியவளுக்கு நல்ல புள்ளி கிடைக்கும். ஆனால் சான்றிதழில் அந்தக் கோச்சின் கையெழுத்து வேண்டும். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஈப்போவுக்கு ஒரு நடை போய்க் கேட்டுப் பார்க்கலாமே என்று வாய்வரை வந்துவிட்டது. பழைய ஆசை, அப்படியே இருந்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் அந்தக் கட்டத்தில் ‘தமிழ்மொழிக் கழகம், செயலாளர்’ என்று தட்டினாள். அதற்குப் புள்ளி குறைவு. திரும்பி என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேனா என்று.

நான் சோறு வடிக்கப் போனேன். அவள் விண்ணப்பத்தை அனுப்பினாள்.